அயோவாவின் மக்காச்சோள டீச்சர்: ஜெஸ்ஸி ஃபீல்ட் ஷாம்பாவுக்கு ஓர் இழை

#1 பனையோலை எழுதியது:

4-எச் என்ற பிள்ளைகள் அமைப்பு என்றால் அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களில் பாதிப் பேருக்கு "கன்றுக்குட்டி வளர்க்கும் பிள்ளைகளின் சங்கம்" என்ற அளவில்தான் தெரியும். பச்சை நாலிலைச் சின்னம், ஒவ்வோர் இலையிலும் ஓர் 'எச்'. அந்தச் சின்னத்தின் முதல் வடிவத்தைப் போட்டவர் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட டீச்சர். பெயர் ஜெஸ்ஸி ஃபீல்ட் ஷாம்பா. 1971 ஜனவரி 15 அன்று அயோவா மாநிலம் க்ளாரிண்டாவில் காலமானபோது அவருக்கு வயது 89. நான் ஒமாஹாவில் இருக்கிறேன், க்ளாரிண்டாவுக்குக் காரில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அந்தப் பக்கம் போகும்போது காதில் விழுந்த பெயர் இது. அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். தமிழிலும் ஓர் இழை இருக்கட்டுமே.

பிறந்தது 1881இல், க்ளாரிண்டா இருக்கும் அதே பேஜ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி), ஷெனன்டோவா என்ற ஊருக்குப் பக்கத்தில். குடும்பமே கொஞ்சம் சுவாரசியமானது. அண்ணன் ஹென்றி ஃபீல்ட் விதை வியாபாரி. 1924இல் சொந்தமாக வானொலி நிலையமே தொடங்கி அதில் விதை விற்ற மனிதர். தங்கை லியானா அதே வானொலியில் சமையலும் வீட்டு விஷயமும் பேசி, சுற்றுவட்டாரப் பெண்களுக்கெல்லாம் வேண்டியவர் ஆனவர்.

ஜெஸ்ஸி 1901இல், இருபது வயதை ஒட்டி, கோல்டன்ராட் என்ற ஓரறைப் பள்ளியில் பாடம் நடத்தினார். அங்கேதான் மாலை நேரத்தில் பையன்களுக்கு ஒரு மக்காச்சோள மன்றம், பெண் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப் பணி மன்றம். பிறகு டேபர் கல்லூரியில் பட்டம், விஸ்கான்சினில் கொஞ்ச காலம், மொன்டானா மாநிலம் ஹெலெனாவில் தலைமையாசிரியை வேலை. 1906இல் சொந்த ஊர் திரும்பி, பேஜ் கவுண்டி முழுமைக்கும் பள்ளிக் கண்காணிப்பாளர் ஆனார். அவர் பொறுப்பில் இருந்த கிராமப் பள்ளிகள் 130. அத்தனையிலும் இந்த இரண்டு மன்றங்களையும் தொடங்கவைத்தார். 1910இல் வந்தது மூன்றிலைச் சின்னம்: ஹெட், ஹேண்ட்ஸ், ஹார்ட். நாலாவது இலை 1911இல் வாஷிங்டனில் பேசி முடிவு செய்து ஒட்டியது, அது ஹெல்த், அதாவது ஆரோக்கியத்துக்கு.

ஊரில் அவரைச் சின்னத்துக்காகக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். பிள்ளைகளின் கணக்குப் பாடத்தை அவர்களுடைய அப்பாவின் வயலுக்குள் கொண்டுபோனாரே, பேச வேண்டியது அதைத்தான். 1911இல் ஒரு புத்தகம் போட்டார். கிராமத்து டீச்சர் ஒருத்தி எழுதும் கடிதங்கள் என்ற பாவனையில் இருக்கும். நல்ல டீச்சர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிய புத்தகம் நிறைய உண்டு. டீச்சரே தன் கைவேலையை இப்படிப் பிட்டுப் பிட்டு வைப்பது குறைவு.

#2 சும்மா_வந்தேன் எழுதியது:

நல்ல இழை. ஒரு சந்தேகம்: கவுண்டிக் கண்காணிப்பாளர் என்றால் நம்மூரில் முன்பு இருந்த ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அதிகாரி) மாதிரியா? 130 பள்ளியை எப்படிப் போய்ப் பார்த்தார்?

#3 பனையோலை எழுதியது:

வேலை கிட்டத்தட்ட ஏ.இ.ஓ. வேலைதான். ஆனால் அரசு நியமனம் கிடையாது, தேர்தலில் ஜெயித்து வரவேண்டும். வேடிக்கை என்னவென்றால், அயோவாவில் பெண்கள் இந்தப் பதவிக்கு நிற்கலாம் என்று 1876இலேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கும் முன்பாகவே, 1869இல், மிட்செல் கவுண்டியில் ஜூலியா அடிங்டன் என்ற பெண்மணி ஜெயித்திருக்கிறார். ஆனால் முழு ஓட்டுரிமை 1920இல்தான். அதாவது ஜெஸ்ஸி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலம் முழுக்க, அந்த நாற்காலிக்கான தேர்தலில் ஓட்டுப் போட அவருக்கே உரிமை இல்லை.

பள்ளிகளுக்குப் போனது குதிரை வண்டியில். அயோவா மண் கறுப்புக் களி. பனி உருகும் மாதங்களில் சாலை என்று ஒன்று இருந்ததா என்றே கேட்கவேண்டும்.

கோல்டன்ராட் பள்ளிக் கட்டடத்தை இப்போது க்ளாரிண்டா அருங்காட்சியக வளாகத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஒரே அறை. அயோவாவில் அந்தக் காலத்தில் இப்படி 12,000க்கு மேல் இருந்தன. ஐந்து வயதுக் குழந்தையும் மீசை முளைத்த பையனும் ஒரே கூரையின் கீழ். டீச்சரே காலையில் வந்து அடுப்பு மூட்டவேண்டும். ஒவ்வொரு வகுப்பாக முன் பெஞ்சுக்குக் கூப்பிட்டுப் பாடம் கேட்கவேண்டும், மற்றவர்கள் அதுவரை எழுதிக்கொண்டிருப்பார்கள். நடவும் அறுவடையும் வந்துவிட்டால் பெரிய பையன்கள் பள்ளிப்பக்கமே வரமாட்டார்கள். அவர்களைப் பிடித்து உட்காரவைக்க வழி தேடியதில்தான் மக்காச்சோள மன்றம் பிறந்தது என்பது என் ஊகம்.

#4 கணக்கு_வாத்தியார் எழுதியது:

பனையோலை தம்பி, இழைக்கு நன்றி. முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எடுத்தவன் என்ற முறையில் அப்பாவின் வயலை வைத்துப் போட்ட அந்தப் 'பண்ணைக் கணக்கு' எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து, அதே பாணியில் ஒன்று போட்டுப் பார்த்தேன். அளவுகள் எல்லாம் அந்தக் காலத்து அயோவா நடைமுறை.

குழிக்குக் குழி மூன்றரை அடி, வரிசைக்கு வரிசையும் மூன்றரை அடி. ஆக ஒரு குழிக்கு 12.25 சதுர அடி. ஏக்கருக்கு 43,560 சதுர அடி. வகுத்தால் 3,556 குழி. குழிக்கு மூன்று செடி, செடிக்கு ஒரு கதிர், கதிர் முக்கால் பவுண்டு என்று வைப்போம். மொத்தம் 8,001 பவுண்டு. உதிர்க்காத கதிராக அளந்தால் ஒரு புஷலுக்கு (அமெரிக்காவின் தானிய அளவு) 70 பவுண்டு கணக்கு. ஏக்கருக்கு 114 புஷல் வருகிறது.

இப்போது பையனை வீட்டுக்கு அனுப்பி, "உங்கள் வயலில் போன வருடம் எத்தனை புஷல்?" என்று அப்பாவிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அன்றைக்கு மாநில சராசரி 40 புஷலுக்கும் கீழே. மீதி எங்கே போயிற்று? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் அந்தப் பையன் மறுநாள் பள்ளிக்கு வராமல் இருப்பானா? பெருக்கல், வகுத்தல், பின்னம், சதுர அளவு எல்லாம் ஒரே கணக்கில் வந்துவிட்டன. அதோடு ஒரு துப்பறியும் கதையும் வந்துவிட்டது. நானும் எத்தனையோ வருடம் தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டு குழாய் வைத்தே காலத்தை ஓட்டினேன். எந்த வீட்டில் ஐயா ஒரு குழாயைத் திறந்துவிட்டு இன்னொன்றில் தண்ணீரை வெளியே விடுகிறார்கள்!

#5 விதைக்கூடை எழுதியது:

வாத்தியார் ஐயா கேட்ட "மீதி எங்கே போயிற்று" கேள்விக்குப் பதில் விதையில் இருக்கிறது. நான் விதைத் தொழிலில் இருப்பவன், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நீட்டி முழக்குவேன்.

அப்போது வீரிய விதை கிடையாது. போன வருட அறுவடையில் நல்ல கதிராகப் பார்த்து எடுத்து வைத்து, அதையே அடுத்த வருடம் விதைப்பார்கள். ஐயாவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம்: 3,556 குழி, குழிக்கு மூன்று மணி, ஆக பத்தாயிரத்துச் சொச்சம் மணி. ஒரு கதிரில் சுமார் 800 மணி. அதாவது பதின்மூன்று கதிர் இருந்தால் ஓர் ஏக்கரை விதைத்துவிடலாம். அதில் ஒரே ஒரு கதிர் குளிரில் செத்த கதிராக இருந்தால் ஏக்கரில் பதின்மூன்றில் ஒரு பங்கு போச்சு. வெளியே பார்த்தால் செத்த கதிரும் உயிருள்ள கதிரும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

சோதனை எளிது. ஆழமில்லாத மரப்பெட்டியில் நனைத்த மரத்தூளைப் பரப்பி, மேலே கட்டம் போட்ட துணியை விரிக்கவேண்டும். கட்டத்துக்கு ஒரு எண், அதே எண் கதிரிலும். ஒவ்வொரு கதிரிலும் நுனி, நடு, அடி என்று சுற்றிச் சுற்றி ஆறு மணி எடுத்து அதன் கட்டத்தில் வைத்து, ஈரத்துணி போட்டு மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு வாரம் வைக்கவேண்டும். ஆறும் நன்றாக முளைத்திருந்தால் அந்தக் கதிர் விதைக்கு. இல்லையென்றால் பன்றிக்கு. மரத்தூள் பெட்டி வேண்டாமென்றால் துணியில் வரிசையாக மணி வைத்துச் சுருட்டி நனைத்தும் பார்க்கலாம். நம்மூரில் ஈரச்சாக்கில் விதையை முளைகட்டிப் பார்க்கிறோமே, அதே காரியம்.

இதை அயோவா முழுக்கப் பரப்பியவர் அயோவாவின் ஏம்ஸ் நகர வேளாண் கல்லூரிப் பேராசிரியர் பெர்ரி ஹோல்டன். 1904இலிருந்து ரயில் பெட்டியை வகுப்பறையாக்கி ஊர் ஊராகப் போய், விவசாயிகளைப் பெட்டிக்குள் ஏற்றிப் பாடம் நடத்தினார். ஆனால் ரயில் வந்து அரை மணி நேரத்தில் போய்விடும். பெட்டியில் மணி முளைக்க ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம் கூடவே இருக்கப் பள்ளிக்கூடம்தான் தோது. ஜெஸ்ஸி டீச்சர் செய்தது அதுதான். பையன் தன் வீட்டு விதைக் கதிரைப் பள்ளிக்குக் கொண்டுவருவான், முடிவைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டுவான். அதிகாரி சொன்னால் கேட்காத மனுஷன் மகன் கொண்டுவந்த முளைக்காத மணியைப் பார்த்தால் என்ன செய்வார்?

ஒரு குட்டும் வைத்துவிடுகிறேன். அந்தக் காலத்துச் சோள மன்றங்கள் இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தன: கதிரின் அழகுக்கு மார்க் போடுவது. கதிர் உருளையாக இருக்கவேண்டும், மணி வரிசை நேராக இருக்கவேண்டும், நுனிவரை மணி நிறைந்திருக்கவேண்டும். இது சுத்த வீண். ஹென்றி வாலஸ் என்ற பதினாறு வயதுப் பையன், பின்னாளில் அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஆனவர், ஹோல்டன் மார்க் போட்ட கதிர்களையே வாங்கித் தனித்தனியாக விதைத்து அறுத்து அளந்தார். முதல் பரிசுக் கதிரின் விளைச்சல் கடைசி வரிசையில் கிடந்தது. அழகுக்கும் விளைச்சலுக்கும் சம்பந்தமே இல்லை. அதே வாலஸ்தான் 1926இல் வீரிய மக்காச்சோள விதைக் கம்பெனி தொடங்கினார். ஆக டீச்சர்களின் பாடத்தில் பாதி நின்றது, பாதி பொய்த்தது.

#6 கேள்விக்குறி எழுதியது:

எல்லாரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

//பையன்களுக்கு ஒரு மக்காச்சோள மன்றம், பெண் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப் பணி மன்றம்//

தேர்தலில் நின்று ஜெயித்த பெண், மற்றப் பெண் பிள்ளைகளுக்கு பிரெட் சுடவும் தைக்கவும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். சரி, காலம் அப்படி. ஆனால் விவசாயி மகனை விவசாயத்திலேயே நிறுத்துவதற்காகப் பள்ளிக்கூடத்தை வளைத்த திட்டத்தை நாம் கொண்டாட வேண்டுமா? 1908இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராம வாழ்க்கை ஆணையம் வைத்ததே பிள்ளைகள் நகரத்துக்கு ஓடுகிறார்களே என்ற கவலையில்தான். 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று கொண்டுவந்ததைக் குலக்கல்வி என்று சொல்லி விரட்டியவர்கள் நாம். அயோவாக்காரி செய்தால் மட்டும் அது முற்போக்கா?

#7 ஓஹையோ_மல்லிகா எழுதியது:

கேள்விக்குறி, ஒப்பீடு பாதிதான் பொருந்தும். மெட்ராஸ் திட்டம் பள்ளி நேரத்தையே பாதியாக வெட்டியது, அதுவும் தொழில் பிறப்போடு கட்டப்பட்ட சமூகத்தில். அதனால்தான் அடுத்த வருடமே காமராஜர் வந்ததும் அதைத் தூக்கினார். ஜெஸ்ஸி பாட நேரத்தை வெட்டவில்லை. வராத பையனை வரவைத்தார். அந்தப் பையன்களில் பெரும்பாலானோர் நிலம் வைத்திருந்த குடும்பம். தறிக்காரர் மகனையும் சலவைக்காரர் மகனையும் அவர்களோடு வைத்துப் பார்க்கமுடியாது.

நிறவெறிக் கணக்கு வேறு இருக்கிறது, அதைக் கேட்டிருந்தால் நானும் சேர்ந்திருப்பேன். தென் மாநிலங்களில் இந்த மன்றங்கள் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனி, வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனி என்றுதான் நடந்தன. 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்குப் பிறகுதான் இணைத்தார்கள். அது ஜெஸ்ஸி செய்ததல்ல, ஆனால் நாலிலைச் சின்னத்தின் வரலாற்றில் அதுவும் உண்டு.

அப்புறம், 4-எச்சை அவர்தான் தொடங்கினார் என்று எங்கள் ஓஹையோவில் வந்து சொன்னால் சண்டைக்கு வருவார்கள். இங்கே ஸ்பிரிங்ஃபீல்டில் ஏ.பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் 1902 ஜனவரி 15 அன்று மன்றம் தொடங்கினார், அதைத்தான் முதல் மன்றமாகக் கணக்கு வைக்கிறோம். இலினாய்க்காரர்கள் 1899லேயே மகூப்பின் கவுண்டியில் வில் ஆட்வெல் என்பவர் பையன்களுக்கு விதை கொடுத்துப் போட்டி நடத்தினார் என்பார்கள். ஒரே வேளையில் பல ஊர் வாத்தியார்களுக்கு ஒரே யோசனை வந்திருக்கிறது என்று விட்டுவிடலாம். ஜனவரி 15 ஜெஸ்ஸியின் நினைவு நாளாகவும் ஆனது தற்செயல்தான்.

என்னை உறுத்துவது வேறு. 1912இல் அவர் நியூயார்க்குக்குப் போகிறார், ஒய்.டபிள்யூ.சி.ஏ.வின் (இளம் கிறிஸ்தவப் பெண்கள் சங்கம்) தேசிய அலுவலகத்தில் கிராமத்துப் பெண்களுக்கான வேலை. 1917இல் க்ளாரிண்டாவின் மாவு மில்காரர் ஐரா ஷாம்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்புகிறார். அப்போது வயது முப்பதுகளின் நடுவில். இறக்கும்போது 89. இந்த ஐம்பது சொச்சம் வருடத்தை எல்லாக் கட்டுரைகளும் இரண்டு வரியில் தாண்டுகின்றன! அந்தக் காலத்தில் பல ஊர்களில் கல்யாணம் ஆன பெண்ணை டீச்சராக வைத்துக்கொள்ள மாட்டார்கள். தாலி ஏறினால் வேலை போச்சு என்பது போலத்தான். அவர் விரும்பித்தான் விட்டார் என்றே வைத்துக்கொள்வோம். விரும்பாதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

#8 கேள்விக்குறி எழுதியது:

மல்லிகா அக்கா, நிலம் வைத்திருந்த குடும்பம் என்ற புள்ளி சரி, ஏற்கிறேன். பெண் பிள்ளைகள் விஷயத்தை மட்டும் விடமாட்டேன்.

#9 பனையோலை எழுதியது:

விடவேண்டாம். அந்த மன்றங்களில் பெண் பிள்ளைகளுக்குத் தையல், பையன்களுக்கு விதை என்ற பிரிவினையை அவர் கேள்வி கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் 1911இல் பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு முகாம் போட்டார், அதற்கு முந்தைய வருடம் பையன்களுக்கு. பண்ணை வீட்டுப் பெண் பிள்ளை வீட்டு வேலையை விட்டுவிட்டுச் சில நாள் கூடாரத்தில் தோழிகளோடு தங்குவது என்பது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை. எத்தனை அம்மாக்கள் முணுமுணுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

மல்லிகா அக்கா சொன்ன ஐம்பது வருடம் பற்றி: கவுண்டியில் அவர் கண்காணிப்பாளராக இருந்தது வெறும் ஆறு வருடம், 1906 முதல் 1912 வரை. 1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்து, வேளாண் விரிவாக்க வேலைக்கு மத்திய அரசே பணம் கொடுக்க ஆரம்பித்தது. அதன் பிறகுதான் இந்த மன்றங்கள் நாடு முழுக்க அரசு ஆதரவோடு ஓடின. அப்போது அவர் நியூயார்க்கில். நாலிலைச் சின்னத்துக்கு 1924இல் காப்புரிமை வாங்கினார்கள். அப்போது அவர் க்ளாரிண்டாவில் மில்காரர் மனைவி. மேலேறி வந்த பயிரை வேலிக்கு வெளியே நின்று பார்த்த மாதிரி. அவருக்கு அது வலித்ததா, நிம்மதியாக இருந்ததா என்பதை என் விருப்பத்துக்கு எழுத நான் தயாரில்லை.

அயோவாவின் ஓரறைப் பள்ளிகளும் அவர் கண்ணெதிரேயே போய்விட்டன. எல்லாப் பகுதிகளும் பன்னிரண்டு வகுப்பு உள்ள மாவட்டத்தில் சேர்ந்தாக வேண்டும் என்று சட்டம் போட்டு, 1966 ஜூலையைக் கடைசிக் கெடுவாக வைத்தார்கள். மஞ்சள் பேருந்து வந்தது, முன் பெஞ்சு போனது.

#10 விதைக்கூடை எழுதியது:

அயோவாவின் ஓரறை டீச்சர்கள் என்றால் இன்னொருவரைச் சொல்லாமல் போகமுடியாது. பசுமைப் புரட்சியின் கோதுமை விஞ்ஞானி நார்மன் போர்லாக் படித்தது வடகிழக்கு அயோவாவில் க்ரெஸ்கோ பக்கத்து நியூ ஆரிகன் 8ஆம் எண் பள்ளி. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு பண்ணைக்குப் போவது அங்கே வழக்கம். அவருடைய பெரியப்பா-சித்தப்பா வழி அக்கா முறை சைனா போர்லாக் அங்கே டீச்சர். (நாடு இல்லை, பெயரே அப்படித்தான்!) பையனுக்குப் படிப்பு மேதைத்தனம் இல்லை, ஆனால் விடாப்பிடி இருக்கிறது, ஹைஸ்கூல் அனுப்புங்கள் என்று வீட்டில் பேசியவர் அவர்தான். பையன் போனான். 1970இல் நோபல் அமைதிப் பரிசு வாங்கினார், ஜெஸ்ஸி ஷாம்பா இறப்பதற்குச் சுமார் ஒரு மாதம் முன்னால்.

போர்லாக் ஏற்படுத்திய உலக உணவுப் பரிசு முதன்முதலில் 1987இல் நம் கும்பகோணத்துக்காரர் எம்.எஸ். சுவாமிநாதனுக்கு. அந்த விருதின் தலைமையகம் அயோவாவின் டி மாயின் நகரில்தான். கேள்விக்குறிக்கு ஒரு வார்த்தை: இங்கே டீச்சர் செய்தது பையனைப் பண்ணையிலிருந்து வெளியே அனுப்பியது. பேஜ் கவுண்டி டீச்சர் செய்தது பண்ணையைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. இரண்டுமே அயோவாவில்தான் நடந்தன.

#11 கணக்கு_வாத்தியார் எழுதியது:

சைனா டீச்சரை இன்றுதான் கேள்விப்படுகிறேன். விதைக்கூடை தம்பி சொன்ன பெட்டிச் சோதனையைப் பேத்தியோடு உட்கார்ந்து செய்யப்போகிறேன். மக்காச்சோளம் கிடைக்காவிட்டால் பச்சைப்பயறு. நூற்றுக்கு எத்தனை முளைத்தது என்று சதவீதம் போடச் சொல்லலாம், இந்த வருடம்தான் அவளுக்குச் சதவீதம் ஆரம்பம்.

#12 சும்மா_வந்தேன் எழுதியது:

நாங்கள் சிகாகோ புறநகரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது. ஆடும் இல்லை, நிலமும் இல்லை. 4-எச்சில் சேர முடியுமா? சேர்த்தால் என்ன செய்வார்கள்?

#13 ஓஹையோ_மல்லிகா எழுதியது:

தாராளமாகச் சேரலாம். விலங்கு கட்டாயம் இல்லை. என் மகன் மாதிரி ராக்கெட் செய்வதையும் புகைப்படக் கலையையும்தான் எடுத்தான். கோடிங், ரோபோ, தையல், சமையல், மேடைப்பேச்சு எல்லாம் உண்டு. ஒவ்வொரு மாநிலத்திலும் அரசு வேளாண் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க அலுவலகம்தான் இதை நடத்துகிறது, உங்களுக்கு இலினாய் பல்கலைக்கழகம். உங்கள் கவுண்டி விரிவாக்க அலுவலகத்துக்கு போன் செய்து, பக்கத்தில் எந்த மன்றத்தில் இடம் இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் பள்ளி ஆண்டு தொடக்கத்தில் சேர்க்கை. ஒரு விஷயம் மட்டும்: செய்வதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கச் சொல்வார்கள், கடைசி நேரத்தில் மொத்தமாக உட்கார்ந்து எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்கள். என் மகன் மாட்டினான்.